மாதிரிப் படத்தில் இருப்பவர்

அந்தத் தெருவில் யாருக்காவது பல் வலித்தால் முதலில் நினைவுக்கு வருவது அவளுடைய வீட்டுக்காரர் முகம்தான். பல் மருத்துவர் வாசலில், ஆள் உயரப் பலகையில், கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கி, வாழ்க்கையே வெறுத்துப்போனவர் மாதிரி நிற்கிறார். இரண்டு கடை தள்ளி மருந்துக்கடையில் அதே மனிதர் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மூக்குக்கண்ணாடிக் கடையில் எழுத்துத் தெரியாமல் பேப்பரை முகத்தோடு ஒட்டிப் பிடித்திருக்கிறார். மெத்தைக்கடைச் சுவரில் வாயைப் பிளந்து தூங்குகிறார். தெருப் பிள்ளைகள் அவருக்குப் 'பல்வலி அங்கிள்' என்று பேர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. முடிவெட்டப் போனால், "நம்ம பல்வலி சார் வந்துட்டார்" என்று நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார்களே, சும்மாவா?

எல்லாம் அவள் பார்த்த வேலை. சின்னக் கடைகளுக்கும், டியூஷன் சென்டர்களுக்கும், தையல் வகுப்பு, கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறவர்களுக்கும் லோகோ, பெயர்ப்பலகை, விசிட்டிங் கார்டு, நோட்டீஸ் என்று வரைந்து கொடுப்பது அவள் தொழில். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார இரண்டு நாற்காலி. வருகிற எல்லாரும் பாடுவது ஒரே பாட்டு. "லோகோவைக் கொஞ்சம் பெருசாக்குங்க மேடம். கலர் இன்னும் பளிச்சுன்னு இருக்கட்டும்." எந்த எழுத்து, எந்த வண்ணம், எங்கே காலி இடம் விடுவது என்று அவள் மண்டையை உடைத்துக்கொண்டு செய்ததை, "எங்க மச்சான் பார்த்தார், ரோஸ் கலர்ல போட்டா எடுப்பா இருக்கும்னார்" என்று ஒரே வரியில் கவிழ்த்துவிடுவார்கள். மச்சான்களை ஒழித்தால் இந்தத் தொழில் எங்கேயோ போய்விடும் என்பது அவள் கட்சி.

படங்களில்தான் சிக்கல். விலைக்குக் கிடைக்கும் படங்களில் இருக்கிறவர்கள் வியர்க்கவே வியர்க்காத மனிதர்கள். முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பார்கள். கடைக்காரர்களுக்கு அவர்களைப் பிடிப்பதில்லை. "இந்த ஆள் நம்ம கடைக்கு வர்றவர் மாதிரியா இருக்கார்?" என்பார்கள். அதனால் அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். முதல் மாதிரியில் வீட்டுக்காரர் படத்தைப் போட்டுக் காட்டிவிடுவாள். வேலை பிடித்திருந்தால் பிறகு வேறு ஆளைத் தேடி மாற்றிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஆனால் பெரும்பாலும், "இவரே இருக்கட்டும் மேடம், பார்த்தா நம்மாளு மாதிரி இருக்கார்" என்று முடிந்துவிடும். கம்ப்யூட்டரில் 'வீட்டுக்காரர்' என்று ஒரு ஃபோல்டரே இருந்தது. அதற்குள் பல்வலி, தலைவலி, சந்தோஷம், சந்தேகம், தூக்கம், கோபம். கோபத்தில் ஒரே ஒரு படம்தான். அதிலும் மனிதர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது அப்பட்டமாகத் தெரியும்.

இந்த முன்னறைத் தொழிலை அவள் விட்டுவிடவே இருந்தாள். பெரிய விளம்பரக் கம்பெனி ஒன்று அவளைக் கூப்பிட்டிருந்தது. பள்ளிகள், கல்லூரிகள், பயிற்சி வகுப்புகள் எல்லாவற்றுக்குமான டிசைன் பிரிவுக்குத் தலைமை. கையில் மாதச் சம்பளம், கீழே வேலை செய்ய ஆட்கள், ரோஸ் கலர் மச்சான்களிடமிருந்து நிரந்தர விடுதலை. பல வருஷமாக அவள் ஏங்கிய வேலை அது. சரி என்று சொல்லப் போனவளை வீட்டுக்காரர்தான் நிறுத்தினார்.

"யோசிச்சுப் பாரும்மா. அங்க போனா நீ வரையறதுல எல்லாம் அவங்க பேர்தான் இருக்கும். இங்க உன் பேரு. எதுக்குப் பயப்படற? என் சம்பளம் இருக்கில்ல? வீட்டை நான் பாத்துக்கறேன். நீ உன் கடையை நடத்து."

அவளுக்கு அப்படியே உருகிவிட்டது. அவளுடைய அப்பா இந்த வேலையைக் கடைசிவரை 'படம் போடுறது' என்றுதான் சொன்னார். அக்கா இன்னமும், "பொழுது போகுதில்ல, நல்லது" என்கிறாள். இந்த ஒரு மனிதர்தான் அதைக் கடை என்று சொன்னார், உன் பேர் என்று சொன்னார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். மறுநாள் கம்பெனிக்கு ஃபோன் போட்டு, மன்னிக்கணும், வரமுடியாது என்று சொன்னாள். அக்காவிடம், "உங்க வீட்டுக்காரர் இப்படிச் சொல்வாரா?" என்று ஒரு குத்தும் குத்தினாள்.

வீட்டுக்காரருக்கு வேலை, சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவில். காலையில் அவள் தேய்த்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புவார். சாயங்காலம் வந்ததும் ஆபீஸ் கதை. நிமிஷத்துக்கு ஒருதரம் மணி பார்க்கிற மேனேஜருக்குக் 'கடிகாரம்' என்று பேர். மேனேஜர் சொல்வதையே திருப்பிச் சொல்கிற பக்கத்து சீட்டுக்காரர் 'ஜெராக்ஸ்'. இருவர் குரலிலும் பேசிக் காட்டுவார். அவள் வயிறு வலிக்கச் சிரிப்பாள். கொஞ்ச நாளாக ஜெராக்ஸுக்கு மாடிப்படியில் விழுந்து கால் முறிந்திருந்தது. முகம் தெரியாத அந்த மனிதரின் காலுக்காக அவள் நிஜமாகவே கவலைப்பட்டாள். கட்டுப் போட்ட காலோடு பஸ்ஸில் எப்படி வருகிறாரோ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் 'மறுதொடக்கம்' என்ற பயிற்சி நிலையத்திலிருந்து ஃபோன் வந்தது. நடு வயதில் வேலை இழந்தவர்களுக்குப் புதிய கணக்கு மென்பொருள், இன்டர்வியூவில் பேசும் முறை எல்லாம் கற்றுத்தரும் இடம். லோகோ, மடிப்பு நோட்டீஸ், பேனர் எல்லாம் புதிதாக வேண்டும் என்றார்கள். அவள் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அந்த இடமா? வேண்டாம்மா. அங்க ஆளுங்க சரியில்லைன்னு கேள்விப்பட்டேன். வேலை வாங்கி அலைய விடுவாங்க."

"யார் சொன்னா?"

"ஜெராக்ஸ்தான் சொன்னான். அவன் சொந்தக்காரன் யாரோ மாட்டிக்கிட்டு முழிச்சானாம்."

அவள் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, மறுநாளே மறுதொடக்கத்துக்கு ஃபோன் போட்டு வேலையை எடுத்துக்கொண்டாள். விளம்பரக் கம்பெனிக்குப் போயிருந்தால் இந்த மாதிரி வேலைதான் செய்திருப்பாள். போகாமலே செய்துகாட்ட வேண்டும் என்று ஒரு வீம்பு. முடிந்ததும் அவர் முன்னால் விரித்து வைத்து, பாருங்க, என்று அசத்திவிடலாம் என்று சொல்லாமல் வைத்திருந்தாள்.

வாசகம் சுலபமாக வந்துவிட்டது. 'போனது வேலை மட்டும்தான்.' எழுதிவிட்டு அவளே இரண்டு தடவை படித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். படம்தான் அமையவில்லை. ஃபோல்டரில் இருந்த தலைவலியைப் போட்டால் மாத்திரை விளம்பரமாகிவிடுகிறது. சந்தேகத்தைப் போட்டால் கடன் கேட்க வந்தவர் மாதிரி இருக்கிறது. அப்படி இருக்கையில் ஒரு காலை, படுக்கையறை வாசலில் அவள் கண்ட காட்சி. வீட்டுக்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் சாக்ஸ் போட்டாகிவிட்டது. இன்னொன்று கையில். கண் எதையும் பார்க்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில் அழகாக விழுந்திருந்தது. அவள் சத்தம் போடாமல் ஃபோனை எடுத்து நாலைந்து படம் எடுத்தாள். அவருக்குத் தெரியவே இல்லை.

அன்று மதியம் முழுக்க அந்த முகத்தோடுதான் இருந்தாள். பெரிதாக்கினாள், கண்ணுக்குக் கீழே இருந்த நிழலைக் கொஞ்சம் கூட்டினாள், பின்னால் தொங்கிய துண்டை அழித்தாள். இதுவரை எடுத்ததில் இதுதான் நல்ல படம் என்று அவளுக்குத் தோன்றியது. நடிக்கச் சொல்லி எடுத்தால் இப்படி வராது என்றும் தோன்றியது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

மறுதொடக்கம் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. நடத்துகிற மேடம், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேசை முழுக்கத் தேடுகிற ரகம். கீழே கிடங்கு, மாடியில் வகுப்பறைகள், அவருடைய அறையில் எங்கே பார்த்தாலும் ஃபைல். அவள் மாதிரியைப் பிரித்து மேசைமேல் விரித்தாள். மேடம் வாசகத்தைப் படித்து, "அடடா" என்றார். அப்புறம் படத்தைப் பார்த்தார். தலையில் இருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இவரை எப்படிங்க பிடிச்சீங்க?"

அவளுக்குப் புரியவில்லை. "யாரை மேடம்?"

"இவரைத்தான். எங்க ஸ்டூடன்ட்டாச்சே. போட்டோன்னாலே ஓடி ஒளிவார். குரூப் போட்டோவுல அடுத்தவர் தலைக்குப் பின்னால நின்ன ஆளு. நோட்டீஸுக்கு எப்படிச் சரின்னார்?"

வேறு யாரோ, முகச்சாயல், என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மேடம் அவர் பேரைச் சொன்னார். சரக்குக் கம்பெனி என்றார். ஆட்குறைப்பு என்றார்.

"நல்லாப் படிக்கறாரு. எங்க முதல் பேட்ச் அவர். மழைத்தண்ணி புகுந்து கீழ் ரூம்ல கிளாஸ் நடத்த முடியாம மாடிக்கு ஏறினோமே, அப்பவே சேர்ந்தவர். அது முடிச்சு இப்ப அடுத்த கோர்ஸ். ஒரே கஷ்டம், வீட்ல சொல்லல. இப்ப படமே போடலாம்னா சொல்லிட்டார்னுதானே அர்த்தம்? நல்லதாப் போச்சு."

அந்த மழை அவளுக்கு ஞாபகம் இருந்தது. விளம்பரக் கம்பெனி அவளைக் கூப்பிட்டது மழையெல்லாம் விட்டு, ரோடு காய்ந்து, வெயில் ஏறிய பிறகு.

"வீட்ல ஏன் சொல்லலையாம்?" என்று கேட்டாள். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"பாவம், அவர் மனைவிக்கு ஹார்ட்ல ஏதோ கோளாறாம். அதிர்ச்சியான விஷயம் எதையும் தாங்க மாட்டாங்களாம். அந்தம்மாவுக்குத் தெரியாம பார்த்துக்கணும்னு எங்க எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டார். வீட்டு நம்பர்கூட எங்ககிட்டக் குடுக்கல."

"இப்ப எப்படி இருக்காங்களாம் அந்தம்மா?"

"ஏதோ, மாத்திரையில ஓடுதுன்னார்."

காய்ச்சலுக்குக்கூட மாத்திரை போடாதவள் அவள். நாலு மாடி ஏறினாலும் மூச்சு வாங்காது. தான் யாரென்று தெரியாத இந்தக் கட்டடத்தில், கிளாஸ் கிளாஸாக ஆட்கள் தனக்காக உச்சுக்கொட்டிக்கொண்டிருந்ததை நினைக்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு ஊருக்கே தெரிந்திருக்கிறது. அவளுக்கு மட்டும்தான் தெரியாது.

"படத்தை மாத்திடறேன் மேடம். இது மாதிரிக்குப் போட்டதுதான்" என்று மடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஐயோ, மாத்தாதீங்க. உண்மையா இருக்கறதே இந்தப் படம்தான். இருங்க, பக்கத்து ரூம்லதான் இருக்கார், கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுடலாம்."

"வேண்டாம், கிளாஸ் நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வராந்தாவில் அந்த அறையைத் தாண்டித்தான் படிக்கட்டு. கதவில் சின்னக் கண்ணாடி பதித்திருந்தது. பார்க்காமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். கால் நின்றுவிட்டது. உள்ளே இன்டர்வியூ மாதிரி ஏதோ நடந்துகொண்டிருந்தது. காலையில் அவள் தேய்த்துக் கொடுத்த சட்டையில், வீட்டுக்காரர் மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரியாக உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி மணி பார்த்தார். கடிகாரம் மேனேஜரின் குரலில் கேள்வி கேட்டார். நரைத்த ஆட்களும், நடு வயதுப் பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதிரில் பதில் சொல்ல வேண்டியவர் மேசைமேல் கவிழ்ந்து சிரித்தார். அதைப் பார்த்து அவரும் சிரித்தார். ஃபோல்டரில் 'சந்தோஷம்' என்று அவள் சேர்த்து வைத்திருந்த எந்தப் படத்திலும் இந்தச் சிரிப்பு இல்லை. அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அது அவமானமாகவும் இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டே விளம்பரக் கம்பெனிக்கு ஃபோன் போட்டாள். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "அந்த இடத்துக்கு அப்பவே ஆள் வந்துட்டாங்க மேடம். இப்போதைக்கு வேற எதுவும் இல்ல. நீங்கதானே வேண்டாம்னு சொன்னீங்க?"

ஆமாம், அவள்தான் சொன்னாள். வீடு வந்து சேரும்வரை அந்த வாக்கியம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கோபம் முதலில் அவர்மேல் வந்தது, பிறகு அந்த மேடத்தின்மேல், பிறகு பல் மருத்துவர் பலகையைத் தாண்டும்போது தன்மேலேயே வந்தது. ஒரு மதியம் முழுக்க அந்த முகத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்தாளே தவிர, ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் கயிறுதான் திரித்திருப்பார் என்று உடனே தோன்றியது. அந்த நினைப்பில் கோபம் மறுபடி இருக்க வேண்டிய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் அவர் வழக்கம்போல் வந்தார். செருப்பைக் கழற்றினார், முகம் கழுவினார், தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு, "இன்னிக்கு என்னாச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தார். கடிகாரத்தின் கைக்கடிகாரமே நின்றுபோய், மனிதர் ஒரு மணி நேரம் முன்னாலேயே எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்ன கதை. நல்ல கதைதான். வேறொரு நாளாக இருந்தால் புரைக்கேறச் சிரித்திருப்பாள்.

"ஜெராக்ஸுக்குக் கால் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"கட்டுப் பிரிச்சாச்சும்மா. இன்னும் கொஞ்சம் நொண்டறான்."

"பஸ்லதான் வர்றாரா?"

"இல்ல, அவன் தம்பி கொண்டுவந்து விடறான்."

"தம்பியா? ஒரே பையன்னு சொன்ன மாதிரி ஞாபகம்."

"சித்தப்பா பையன்" என்றார், கண்ணை இமைக்காமல்.

இப்போதாவது நிறுத்துவார் என்று அவள் இடம் விட்டுப் பார்த்தாள். அவர் நிறுத்தவில்லை. சித்தப்பா பையனின் வண்டி என்ன கலர் என்பதுவரை போனார்.

"இன்னிக்கு உங்க மேடத்தைப் பார்த்தேன்" என்றாள்.

"எந்த மேடம்?"

"மறுதொடக்கம். என் ஹார்ட் ரொம்ப வீக்காம். மாத்திரையில ஓடுதாம். சொன்னாங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். வைத்த பிறகும் கையை அதிலிருந்து எடுக்கவில்லை. அவள் கத்தவில்லை. நோட்டீஸ் வேலையை எடுத்தது, படம் வைத்தது, கண்ணாடி வழியாகப் பார்த்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் தலையைக் குனிந்தபடியே கேட்டார்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார் கடைசியில். "இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிப் போச்சு. வெளிய அனுப்பும்போது குடுத்ததை மாசாமாசம் சம்பளம் மாதிரி எடுத்துப் போட்டேன். வேற வேலை கிடைச்சதும் சொல்லிக்கலாம்னு... வெக்கமா இருந்துச்சும்மா."

"வெக்கப்பட்டது நீங்க. வேலையை விட்டது நான்."

"அது..."

"வேலை போனதை மறைச்சீங்க, சரி. மனுஷனுக்குக் கூச்சம் இருக்கும், புரியுது. என்னை நோயாளியாக்கினீங்க, அதைக்கூட விடறேன். அந்தக் கம்பெனி என்னைக் கூப்பிட்டப்ப உங்களுக்கு வேலை இல்ல. அப்ப எதுக்கு என்னைத் தடுத்தீங்க? நான் போயிருந்தா நம்ம ரெண்டு பேருக்கும் நல்லதுதானே? நீங்க நிம்மதியாப் படிச்சிருக்கலாமே?"

அவர் டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றி வைத்தார். அவள் விடவில்லை, எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நீ காலைல பையை மாட்டிக்கிட்டுக் கிளம்புவ" என்றார். "நான் உள்ள இருப்பேன். நீ கதவைச் சாத்திட்டுப் போவ. டெய்லி அதை நான் பார்த்துக்கிட்டு நிக்கணும். அதை நினைச்சாலே எனக்கு..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. உன் பேரு, உன் கடை என்று அவர் அன்று சொன்னதெல்லாம் இதற்குத்தானா என்று அவளுக்கு விளங்கியது. அந்தச் சொற்களை அவள் அக்காவிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டிருந்தாள். தூக்கம் வராத நேரங்களில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கிறாள். வாடிக்கையாளர் யாராவது மட்டம்தட்டிவிட்டுப் போனால் அதைத்தான் நினைத்துக்கொள்வாள்.

"அன்னிக்கு நான் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப உங்க மனசுல என்ன ஓடிச்சு?"

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?"

"எனக்குத் தெரியணும். இன்னொரு கதை வேண்டாம். நிஜத்தைச் சொல்லுங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பொய் சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தாள். சொன்னால்கூடப் பரவாயில்லை என்று அந்தக் கணத்தில் அவள் மனசு ஒரு மூலையில் கெஞ்சியது. உனக்காக வருத்தப்பட்டேன் என்று சொன்னால்கூடப் போதும், நம்பிவிடுவாள்.

"'அப்பாடா, நம்பிட்டா'ன்னு நினைச்சேன்" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். எழுந்து முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் வந்து வெளியே நிற்பது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. "கதவைத் திறம்மா" என்றார். அவள் திறக்கவில்லை.